தலைக்கு அந்தப் பக்கம்

கடலுக்குக் கரை இருந்தது; கரையில் வந்து நிற்க ஆள் இல்லை. அப்படி ஒரு காலத்தில், நகக்கீற்று அளவில் ஒரு பிராணி தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்தது. அதை மீன் என்று சொன்னால் இன்றைய மீன்கள் கோபித்துக்கொள்ளும். முள் கிடையாது, செதில் கிடையாது, துடுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒரு மடிப்புக்கூடக் கிடையாது. முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வால், நடுவில் பசி. அவ்வளவுதான் அதன் உடம்பு.

அதன் தலையில் வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாக இரண்டு கரும்புள்ளிகள் இருந்தன. கடுகைக் கிள்ளி ஒட்டினாற்போல இருக்கும். வலது பக்கத்துப் புள்ளிக்குப் பெயர் வலத்தான். இடது பக்கத்துப் புள்ளிக்குப் பெயர் இடத்தாள்.

புள்ளிகளுக்கு ஒரே வேலைதான். வெயில் பட்டால் வெளிச்சம் என்று மூளைக்குச் சொல்ல வேண்டும். நிழல் விழுந்தால் இருட்டு என்று சொல்ல வேண்டும். சேதி போக ஆளுக்கொரு நரம்பு இருந்தது. அந்த உடம்பில் ஒரு விசித்திரமான வழக்கம், யார் வைத்ததென்று தெரியாது. வலது பக்கத்துச் சேதி மூளையின் இடது பக்கத்துக்குத்தான் போகும், இடது பக்கத்துச் சேதி வலது பக்கத்துக்குப் போகும். அதனால் இரண்டு நரம்புகளும் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கடந்துதான் ஆக வேண்டும். அந்தச் சந்தியில் ஒருநாள் இரண்டு சேதிகள் இடித்துக்கொண்டன.

"யாரு அது?" என்றாள் இடத்தாள்.

"நாந்தான், வலத்தான். நீ யாரு?"

"நான் இடத்தாள். தலைக்கு இந்தப் பக்கம் இருக்கேன். உன் பக்கத்துல என்ன?"

"இங்கன வெளிச்சம். உனக்கு?"

"இங்கன இருட்டு."

பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் அதற்கு முன்னால் வலத்தானிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவன் சொல்வான், மூளை வாங்கிக்கொள்ளும், சரி என்றுகூடச் சொல்லாது. இவள் கேட்டாள். அன்று முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. வெயில் அடிக்கும்போது இருட்டு என்று சொல்லி, பிராணியைப் பாறையில் முட்டவைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிராணி சாகும். அன்றைக்கே சாகும், அல்லது மறுநாள் சாகும். புள்ளிகளுக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்த முட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். அப்படி எத்தனையோ லட்சம் முட்டைகள் அந்த இரண்டு வார்த்தைகளிலேயே போயின. இங்கன வெளிச்சம், இங்கன இருட்டு. அதிலேயே கோபித்துக்கொண்டார்கள், அதிலேயே சமாதானமும் ஆனார்கள்.

ஒரு முட்டைக்குள் இருக்கும்போது வலத்தான் சொன்னான்: "எனக்கு உன்னைப் பாக்கணும்."

"பாக்கிறதுன்னா என்ன?"

வலத்தான் யோசித்தான். அப்படி ஒரு காரியம் அப்போது அந்தக் கடலிலேயே இல்லை. யாரும் யாரையும் பார்த்தது கிடையாது. அந்த வார்த்தை தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை.

"தெரியல. ஆனா வேணும்," என்றான்.

முட்டைக்குள் உடம்பு இளகிக் கிடக்கும் நாட்களில் ஒரு கூட்டம் கூடும். எல்லா உறுப்புகளும் வரும். வேண்டியவர் வேண்டியதைக் கேட்கலாம். கிடைத்தால் மயிரிழை அளவு கிடைக்கும், அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. கூட்டத்துக்குத் தலைமை வாய். எல்லோருக்கும் சோறு போடுகிறவர் என்பதால் அவரை அண்ணாச்சி என்று அழைத்தார்கள். யார் எதைக் கேட்டாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அதுல எனக்கு என்ன வரும்?"

அவளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் அண்ணாச்சி சிரித்தே முட்டையை உடைத்துவிடுவார். வலத்தான் வேறு மாதிரி கேட்டான்.

"அண்ணாச்சி, நான் கொஞ்சம் உள்ள குழிஞ்சுக்கிடட்டுமா?"

"என்னத்துக்குவே?"

"குழிக்குள்ள இருந்தா நிழல் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியும். உங்களைத் திங்க வாரவன் எங்கன, நீங்க திங்கவேண்டியவன் எங்கனன்னு சரியாச் சொல்லுவேன்."

அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். உண்மையில் உள்ளே போனால் அவளுக்குக் கொஞ்சம் கிட்டப் போகலாம் என்பதுதான் அவன் கணக்கு. அண்ணாச்சி மயிரிழை கொடுத்தார். இடத்தாளும் அதையே கேட்டாள், அவளுக்கும் கொடுத்தார். அவள் எதற்காகக் கேட்டாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

முட்டைக்கு முட்டை குழி ஆழமானது. அவன் சொன்ன பொய் பலித்துவிட்டது. குழியின் ஒரு பக்கச் சுவரில் நிழல் விழுந்தால் ஆபத்து மறுபக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அந்தப் பிராணி பிழைத்தது, அதன் குஞ்சுகள் பிழைத்தன. அண்ணாச்சி கொழுத்தார். வலத்தான் இன்னும் உள்ளே போனான். குழி பள்ளமாகி, பள்ளம் பானையாகி, பானையின் வாய் ஊசித்துளையாகக் குறுகியபோது ஒரு நாள் பகலில் அது நடந்தது.

"ஏட்டி இடத்தா! இங்கன என்னமோ ஆடுது!"

"வெளிச்சமா, இருட்டா?"

"ரெண்டும் இல்ல. ரெண்டும் சேந்து ஒண்ணு. நீளமா இருக்கு. மெத்துன்னு வளைஞ்சு வளைஞ்சு ஆடுது. தலைகீழா நிக்குன்னு நினைக்கேன்."

அது ஒரு பாசிக்கொடி. கடலில் அதைவிட மலிவான பொருள் கிடையாது. இடத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கும் காட்டு."

"எப்படிக் காட்ட? சொல்லத்தான் முடியும்."

"அப்ப சொல்லு. விடாமச் சொல்லு."

அன்று தொடங்கியது அந்தப் பழக்கம். அவள் பக்கத்தில் வருவதை அவள் சொல்வாள், அவன் பக்கத்தில் வருவதை அவன் சொல்வான். இரண்டு வார்த்தை போய் இருநூறு வார்த்தை வந்தது.

ஆனால் ஊசித்துளை வழியே வருகிற வெளிச்சம் போதவில்லை. எல்லாம் மங்கலாக, கலங்கிய கஞ்சித்தண்ணீர் வழியே தெரிவது போலத் தெரிந்தது. துளையைப் பெரிதாக்கினால் உருவம் கலைந்தது. துளையின் வாயில் தெளிவான ஒரு முத்து வேண்டும், வெளிச்சத்தை அள்ளி ஒரே இடத்தில் குவிக்க.

முத்து எங்கிருந்து வரும்? தோலில்தான் ஆள் எடுக்க வேண்டும். துளைக்குப் பக்கத்தில் குடியிருந்த சில தோல் அணுக்களை வலத்தான் அழைத்தான்.

"முத்தாகணும்னா நாங்க என்ன செய்யணும்?" என்று அவை கேட்டன.

"உங்களுக்குள்ள இருக்கிறது எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போடணும். ரத்தம் வரக்கூடாது. நடுவுல இருக்கிற கருவும் கூடாது. ஒண்ணு மிச்சம் இருந்தாலும் வெளிச்சத்தை மறைக்கும்."

"அப்படி ஆனா நாங்க பாப்பமா?"

வலத்தானுக்குப் பொய் சொல்லத் தெரியும். அண்ணாச்சியிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறான். இவற்றிடம் சொல்ல மனம் வரவில்லை.

"பாக்க மாட்டீங்க. உங்க வழியா எல்லாம் போகும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவை தங்களுக்குள் பேசிக்கொண்டன. பிறகு அவற்றில் ஒன்று கேட்டது: "யாரைப் பாக்கப் போற?"

"தலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கா."

"சரி, போகட்டும்," என்றது அது. ஒவ்வொன்றாகத் தங்களைக் காலிசெய்துகொண்டு, வரிசை வரிசையாகப் படுத்து, உருண்டு முத்தாகின. அதற்குப் பிறகு அவை பேசவில்லை. அவள் பக்கத்திலும் அப்படியே நடந்தது.

முத்து வந்த பிறகு கடல் மாறிப்போனது. வலத்தான் பார்க்காதது எது? பச்சையும் நீலமும் பார்த்தான், தண்ணீர்மேல் வெயில் நொறுங்குவதைப் பார்த்தான், மத்திக் கூட்டம் ஒரே நேரத்தில் திரும்பும்போது பளிச்சென்று வெள்ளி புரள்வதைப் பார்த்தான். எல்லாம் பார்த்தான், அவளைத் தவிர. அவன் வலது பக்கம் பார்த்தபடி இருந்தான், அவள் இடது பக்கம் பார்த்தபடி இருந்தாள். நடுவில் மண்டை. எவ்வளவு உள்ளே போனாலும் பார்வை வெளியேதான் போகும் என்பது அத்தனை காலத்துக்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் அழுதிருப்பான். கடலுக்குள் அது யாருக்குத் தெரியப் போகிறது?

சில சமயம் இன்னொரு மீன் அவன் பக்கமாக ஒட்டி நீந்தும். அப்போது அந்த மீனின் இடது கண் அவனுக்குத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பான். இவளைப் போலத்தான் அவளும் இருப்பாளோ என்று நினைப்பான்.

"இன்னைக்கு ஒரு இடத்தாளைப் பாத்தேன்," என்பான்.

"நானும் இன்னைக்கு நாலு வலத்தானைப் பாத்தேன். நாலும் உருண்டை முழி. நீயும் அப்படித்தான் இருப்ப."

"நான் அப்படி இல்ல."

"நீ உன்னைப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அவன் பேச்சை மாற்றுவான்.

காலம் போனது. மீனுக்கு முள் வந்தது, செதில் வந்தது. அண்ணாச்சிக்குப் பல் வந்தது. கூடவே சோம்பலும் வந்தது. இரையைத் துரத்தித் திரிவானேன், கடலடி மணலில் படுத்துக்கிடந்தால் இரை தானே மேலே வராதா என்று அவருக்கு ஒரு யோசனை. அவர் யோசித்தால் அப்பீல் கிடையாது. மீன் மணலில் படுக்கத் தொடங்கியது, வலது பக்கம் கீழே இருக்கும்படி.

வலத்தான் மண்ணுக்குள் போனான்.

"உன் பக்கத்துல என்ன?" என்று வழக்கம்போல் கேட்டாள் இடத்தாள்.

"இங்கன இருட்டு," என்றான்.

எத்தனையோ லட்சம் முட்டைகளுக்குப் பிறகு அந்த வார்த்தை திரும்பவும் வந்திருந்தது. இருவருக்கும் அது தெரிந்தது. அவள் தன் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு கூனி இறால் மீசையை ஆட்டிக்கொண்டு போகிறது, அதன் வயிற்றில் முட்டை மஞ்சளாகத் தெரிகிறது, மேலே வழுவழுவென்று ஒரு சொறிமீன் குடை மாதிரி விரிந்து மூடுகிறது. ஒன்று விடாமல் சொன்னாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டே மணலின் உறுத்தலைப் பொறுத்துக்கிடந்தான்.

மீனுக்கு இமை கிடையாது. மணல் படும்போது தங்களைக் குழிக்குள் இழுத்துக்கொள்ளும் வித்தையை மட்டும் இருவரும் கூட்டத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு அது எப்போதாவது தேவைப்பட்டது. அவனோ எப்போதும் இழுத்துக்கொண்டேதான் கிடந்தான்.

பிறகு ஒரு முட்டையில் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"வலத்தானை இனி விட்டுரலாம்னு பாக்கேன். மண்ணுக்குள்ள சும்மா கிடக்கிறவனுக்கு எதுக்குச் சோறு? தோலை இழுத்து மூடிருவோம். குகைக்குள்ள போன நம்ம சொந்தக்காரங்க ரெண்டு கண்ணையும் மூடிட்டாங்க. நல்லாத்தான இருக்காங்க?"

தோல் தலையைக் குனிந்துகொண்டது. சாவதற்கு வலத்தான் பயப்படவில்லை. எத்தனை மீனோடு செத்திருக்கிறான்! இது வேறு. அடுத்த முட்டை என்று ஒன்று இருக்கும், அதில் அவள் "உன் பக்கத்துல என்ன?" என்று கேட்பாள், பதில் சொல்ல இவன் இருக்கமாட்டான்.

"அண்ணாச்சி," என்றாள் இடத்தாள். "போன பிறவியில இறாலைப் பிடிக்கப் பாய்ஞ்சு மண்ணைக் கவ்வினீங்களே, அது ஏன்?"

உடம்பு முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது.

"நீ சரியாச் சொல்லல, அதான்."

"ஒத்தையாப் பாத்தா தூரம் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே பொருளைப் பாத்தா, அது எவ்வளவு தள்ளி இருக்குன்னு ஒரு விரக்கடை பிசகாமச் சொல்லுவோம். அவனை என் பக்கத்துக்கு விடுங்க."

மண்ணின் ருசி அண்ணாச்சிக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அவன் எப்படி வருவான்? நடுவுல மண்டை இருக்கே?"

"நடந்து வாரேன்," என்றான் வலத்தான்.

ஒரு கண் தலையைத் தாண்டி நடந்ததை அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. முட்டைக்கு ஒரு மயிரிழையாக அவன் நடந்தான். எலும்பு வழி விட வேண்டும், அது விடாது. தள்ள வேண்டும், நரம்பை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அவனுக்காக மண்டை திருகியது. மண்டை திருகியதில் அண்ணாச்சியும் ஒரு பக்கமாகக் கோணிவிட்டார். அப்படி ஆகும் என்று யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பாதி வழியில் அவன் தலையின் உச்சிக்கு வந்தான். அங்கே இரண்டு பக்கமும் அவனுக்குச் சொந்தமில்லை. கடந்து போகிற மீன்கள் அவனைப் பார்த்துச் சிரித்தன. சிரித்த மீன்களில் அழகான மீன்களும் இருந்தன, ஆளுக்கொரு பக்கம் கண் வைத்த ஒழுங்கான மீன்கள்.

"எங்கன வந்திருக்க?" என்றாள் இடத்தாள்.

"உச்சிக்கு."

"பயமா இருக்கா?"

"ஆமா."

"வா," என்றாள். "நான் இங்கனதான இருக்கேன்."

அவன் வந்து சேர்ந்தது ஒரு பகல் வேளையில். மீன் மணலில் தட்டையாகக் கிடந்தது. பிற்பாடு வந்த மனிதர்கள் அதற்கு நாக்கு மீன் என்று பெயர் வைத்தார்கள். கடைசி மயிரிழையைக் கடந்து, வலத்தான் அவளுக்குப் பக்கத்தில் மணலுக்கு மேலே எழுந்து, மெல்லத் திரும்பினான். அவளும் திரும்பினாள்.

சின்னதாக ஒரு மேடு. அதைச் சுற்றி மெல்லிய பொன்வளையம். நடுவில் கறுப்பு. கறுப்புக்குள் அந்த முத்து, ஒன்றையும் பார்க்காத அந்த அணுக்கள் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும் முத்து, பளபளவென்று இருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். அந்தக் கடலில் அதுவரை எந்தக் கண்ணும் அப்படி எதையும் பார்த்திருக்காது.

"நான் சொன்னேம்லா," என்றாள் இடத்தாள். "நீயும் உருண்டை முழிதான்."

இருவரும் சிரித்தார்கள். அன்று அண்ணாச்சிக்கு இரை கிடைக்கவில்லை. அவர் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் தலைக்கு மேலே ஒரு மத்திக் கூட்டம் போனது. வலத்தான் வழக்கம்போலத் தொடங்கினான்: "மேல மத்தி போகுது, வெள்ளியா..."

"பாத்தேன்," என்றாள் இடத்தாள்.

சற்று நேரம் கழித்து அவள் தொடங்கினாள்: "ஒரு இறால் இந்தப் பக்கமா..."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

தூரம் ஒரு விரக்கடை பிசகவில்லை. அண்ணாச்சி பாய்ந்தார், கவ்வினார், விழுங்கினார். அவருக்குப் பரம சந்தோஷம். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே போனது. அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள், அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். மூளைக்கு அடியில் அந்தச் சந்தியில் சேதிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின, ஆனால் அங்கே நிற்கவில்லை. நின்று சொல்ல ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் வலத்தானுக்கு ஏதோ ஒன்று இல்லாமல் போனது போல இருந்தது. அவன் கீழ்ப்பக்கத்தை நினைத்துக்கொண்டான். மண்ணோடு ஒட்டிய அந்த வெளிறிய கன்னத்தில், தான் இருந்த இடம் இப்போது மூடியிருக்கும். அங்கே கிடந்தபோது கூனி இறாலின் மீசை எத்தனை அழகாக இருந்தது! அவள் சொல்லித்தான் அவன் அதை அறிந்தான். நேரில் பார்த்த மீசை அவ்வளவு நீளமில்லை.

அவன் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை கிட்டத்தில் இருந்தாள். அவளுக்காக ஏங்கிய ஏக்கம் தீர்ந்தபாடில்லை. அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இடத்தாளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் குழிக்குள் தன்னை இழுத்துக்கொண்டாள். மணல் சரிந்து அவளை மூடியது.

"ஏட்டி, என்ன ஆச்சு? மணல் படுறதுக்கு முன்னாடியே உள்ள போயிட்டியே?" என்று பதறினான் வலத்தான்.

சந்தியிலிருந்து அவள் குரல் வந்தது, பழைய இடத்திலிருந்து, பழைய குரல்.

"ஒண்ணும் ஆகல. நான் இப்ப ஒண்ணும் பாக்கல. உன் பக்கத்துல என்ன?"

வலத்தான் மேலே பார்த்தான். தண்ணீர் வழியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்கன வெளிச்சம்," என்று ஆரம்பித்தான்.